இறுகிப்போன வால்வும் கடலுக்குப் போகும் உயிர்களும்

கொட்டாஞ்சேனைக்கு வடக்கே, முகத்துவாரம் மீன்பிடித் துறைமுகத்தில் கட்டியிருக்கும் பலநாட் கலங்களைப் பார்ப்பவர்களுக்கு, அவற்றின் அடியில் வேண்டுமென்றே துளையிடப்பட்டிருப்பது தெரியாது. கட்டுமரத்துக்கும் பாய்த்தோணிக்கும் அந்தத் தேவை இருக்கவில்லை. 1950களின் பிற்பகுதியில் இலங்கையில் இயந்திரப் படகுகள் பரவத் தொடங்கியபோது இந்தத் துளையும் கூடவே வந்தது. உள்ளே பொருத்திய டீசல் இயந்திரத்தைக் குளிர்விக்கக் கடல்நீர் வேண்டும். அந்நீர் வரும் வழியைத் திறந்து மூடும் வால்வையே ‘சீகொக்’ என்கிறார்கள். பாய்மர உல்லாசப் படகுகளில் கழிவறைக்கும் கைகழுவும் தொட்டிக்குமாக இன்னும் பல துளைகள் உண்டு.

வால்வுக்கு மேலே உள்ள றப்பர் குழாய் ஒருநாள் வெடிக்கலாம். அதைப் பிடித்திருக்கும் கிளிப் துருப்பிடித்து அறலாம். அப்போது வால்வை மூடினால் ஆபத்து நீங்கும். மூட முடியாமல் அது இறுகியிருந்தால்? நீர்மட்டத்துக்கு 2 அடி கீழே ஒன்றரை அங்குலத் துளை இருந்தால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 140 லீற்றர் நீர் உள்ளே பாயும். பத்து நிமிடத்தில் அது 1,400 லீற்றராகும். கரையிலிருந்து பல நாள் தூரத்தில், ஆட்கள் உறங்கும் வேளையில் இது நேர்ந்தால் என்னவாகும் என்பதை நாம் விளக்கத் தேவையில்லை.

வால்வு ஏன் இறுகுகிறது? வெள்ளவத்தைக் கடலோர வீடுகளில் யன்னல் கம்பிகள் எவ்வளவு விரைவில் துருப்பிடிக்கின்றன என்பது நமக்குத் தெரியும். உப்புக்காற்றே அப்படிச் செய்தால், உப்புநீரில் ஊறும் உலோகத்தின் நிலை என்ன? உள்ளே உப்பும் சிப்பியும் படியும்; பூசிய கிறீஸ் கழுவப்படும்; பல மாதம் திருப்பாத கைபிடி அசையாது. வீட்டுக் குழாய்க்கான பித்தளை வால்வைப் படகில் பூட்டுவது இன்னும் ஆபத்து. பித்தளையிலுள்ள நாகத்தைக் கடல்நீர் மெல்லக் கரைத்துவிடும். எஞ்சும் செம்பு நொறுங்கும் தன்மை உடையது. சுரண்டிப் பார்க்கும்போது மஞ்சளுக்குப் பதிலாகச் செம்மை தெரிந்தால் அந்த வால்வைக் கழற்றி, கடலுக்கேற்ற வெண்கல வால்வைப் பூட்ட வேண்டும்.

இறுகியதை விடுவிக்கப் படகு மிதக்கும்போது முயலவே கூடாது. சுத்தியலால் அடித்தால் வால்வு உடைந்து, துளை முழுமையாகத் திறந்துவிடும். படகைக் கரையேற்றிய பின்பு:

1. பழைய கூம்புவடிவ வால்வாயின், அதன் நட்டைச் சற்றுத் தளர்த்தி, துருவை இளக்கும் எண்ணெயை உள்ளும் புறமும் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள்.

2. அசையாவிட்டால், கொதிநீரில் நனைத்த துணியை வால்வின் மேல் சுற்றுங்கள். டீசல் ஆவி உள்ள இடத்தில் தீச்சுவாலை வேண்டாம். பைபர்கிளாஸ் உடலும் கருகும்.

3. கூம்பின் ஒடுங்கிய முனையில் மரச்சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். கைபிடியில் நீண்ட குழாயை மாட்டி நெம்பினால் கைபிடிதான் முறியும்.

4. கழற்றிய கூம்பைக் கிறைண்டிங் பேஸ்ட் இட்டுத் தேய்த்து, நன்றாகக் கழுவி, நீரில் கரையாத கிறீஸ் பூசி மாட்டுங்கள்.

பந்துவடிவ வால்வு அடியோடு இறுகினால், புதியதை மாற்றுவதே நல்லது.

இவ்வளவு பாடும் வராமல் தடுப்பது எளிது. மாதம் ஒருமுறை ஒவ்வொரு வால்வையும் மூடித் திறந்து பாருங்கள். இயந்திரத்தை இயக்குமுன் அது திறந்திருக்கிறதா என்று மறவாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழாய்க்கு இரண்டு கிளிப்புகள் போடுங்கள். துளையின் அளவுக்குச் செதுக்கிய கூம்பான மர ஆப்பு ஒன்றை வால்வின் அருகிலேயே கயிற்றில் கட்டிவையுங்கள். வால்வு உடைந்தாலும் அந்த ஆப்பை அடித்து நீரை மறிக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வால்வு எங்கே இருக்கிறது என்பது ஓட்டிக்கு மட்டும் தெரிந்தால் போதாது. புதிதாக ஏறிய இளைஞனும் இருட்டில் கைவைத்து அதைக் கண்டுபிடிக்க வேண்டும். சம்மாட்டிமார் புறப்படுமுன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, ஒவ்வொருவரையும் ஒருதடவை அதைத் திருப்பச் செய்யலாம். அதற்குப் பணச் செலவு எதுவும் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கரை கொந்தளிக்கும் மாதங்களில் படகு கரையேறினால், வர்ணம் பூசுவதற்கு முன் அடியிலுள்ள வால்வைக் கவனிப்போம். வீட்டில் காத்திருப்பவர்களுக்கு நாம் செய்யக்கூடிய உதவி அது.