நேரடிக் கலையகமும் நமது கடைப் பயிலுநரும்

நேரடி ஒளிபரப்பில் பிழையை வெட்டி நீக்க முடியாது. ஆகவே தொலைக்காட்சிக் கலையகத்திற்குத் தொழிற்பயிற்சிக்கு வரும் மாணவனை எடுத்த எடுப்பில் கெமராவில் நிறுத்த மாட்டார்கள். கேபிள் சுருட்டுவது, விருந்தினரை அழைத்து வருவது போன்ற சிறு வேலைகளே முதலில் கிடைக்கும். கட்டுப்பாட்டு அறையின் உத்தரவைக் காதுக் கருவியில் கேட்டு, தள முகாமையாளர் விரல்களால் ஐந்து, நான்கு, மூன்று எனக் காட்டுவார். அந்தச் சைகைக்கு அனைவரும் கட்டுப்படுவர். அதைப் பார்த்தே மாணவன் தொழில் பழகுகிறான்.

நமது வியாபாரமும் நேரடி ஒளிபரப்புத்தான். வாடிக்கையாளர் முன் நடந்த தவறு நடந்ததுதான். அதற்குப் பயந்து பயிலுநரைத் தேநீர் வாங்க மட்டும் அனுப்பினால் அவனது பயிற்சிக்காலம் வீண். நமக்கும் ஒரு நல்ல சிப்பந்தி இல்லாமற் போவான். முதலில் களஞ்சியம், பிறகு பில், கடைசியில் கல்லாப்பெட்டி எனப் படிப்படியாகப் பொறுப்புக் கொடுங்கள். சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.