கையளவுப் பெட்டியில் ஒரு மலைவீடு

காலை ஐந்து மணி. தேவிகுளத்திலிருந்து சற்றுத் தள்ளியுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், தகரக் கூரையிட்ட லயத்து வீடொன்றின் வாசலில் நாம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருந்தோம். உள்ளே ஈர விறகு சீறும் ஓசை. ஊதுகுழலின் நீண்ட மூச்சு. பித்தளைக் குடத்திலிருந்து நீர் சரியும் ஒலி. எங்கோ கீழே, பள்ளத்தில், காட்டுக்கோழி ஒன்று கூவி நிறுத்தியது. வாசற்படியில் ஒரு சிறு முக்காலி. அதன்மேல் உள்ளங்கை அளவே உள்ள ஒரு கருவி. அதன் தலையில் இரண்டு ஒலிவாங்கிகள், பக்கத்துக்கு ஒன்றாகச் சாய்ந்து நின்றன. காதுகளை ஹெட்ஃபோனால் மூடிய இளைஞர் ஒருவர் வலக்கையை உயர்த்தியிருந்தார். அந்தக் கை இறங்கும்வரை எவரும் அசையக் கூடாது என்பது ஏற்பாடு. நமக்கோ அந்த நேரம் பார்த்துத் தொண்டையில் கிச்சுக்கிச்சு. அடக்கினோம், கண்ணில் நீர் வந்ததே தவிர இருமல் வரவில்லை.

வீட்டினுள்ளே தேநீர் கொதிக்கவைத்துக் கொண்டிருந்தவர் அவருடைய தாயார். முப்பத்தைந்து ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். அந்த மாத இறுதியில் ஓய்வு பெறுகிறார். தோட்டத்து வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. குடும்பத்தில் இன்னொருவர் தோட்ட வேலைக்குப் பெயர் கொடுத்தால் வீடு தொடரும். இவருடைய மகன் கொடுக்கவில்லை. மதுரையில் ஒரு கல்லூரியில் காட்சித் தொடர்பியல் படித்துவிட்டு, உடன் படித்த தோழியோடு சேர்ந்து இருபது நிமிட ஆவணப்படம் ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கிறார். வீடு போவதற்குத் தாமும் ஒரு காரணம் என்பது அவருக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் நம்மிடம் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை.

“படம் எப்ப வேணா எடுத்துக்கலாம் சார். நாங்க போனாலும் வீடு இங்கயேதான் நிக்கும். ஆனா அம்மா அடுப்பு ஊதுற சத்தம் இந்த மாசத்தோட சரி” என்றார்.

திரைப்படத்துக்கு ஒலி பிடிப்பது என்றால் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பஞ்சு வைத்து அடைத்த சுவர்களும், கண்ணாடிக்கு அப்பால் அமர்ந்திருக்கும் பொறியாளரும்தாம். முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931ஆம் ஆண்டு வெளிவந்தது. அக்காலத்தில் நடிகர் பேசுவதும் பாடுவதும் படப்பிடிப்பின்போதே பதிவாயின. ஒலிவாங்கிக்குத் தெரியாமல் எவரும் மூச்சுவிட முடியாது. பிறகு நிலைமை தலைகீழானது. கேமரா அரங்கத்தை விட்டு வெளியேறி வயலுக்கும் மலைக்கும் சென்றது. ஆனால் வெளிப்புறத்தில் பயன்பட்ட கையடக்கக் கேமராக்கள் தையல் இயந்திரம்போல் கடகடத்தன. அவற்றின் அருகே நல்ல ஒலி எடுப்பது இயலாத காரியம். ஆகவே நடிகர்கள் களத்தில் பேசிய பேச்சு அடையாளத்துக்கு மட்டும் பதிவாயிற்று. பின்னர் நகரத்து டப்பிங் கூடத்தில் மீண்டும் பேசப்பட்டது. காலடி ஓசை முதல் கதவுச் சத்தம் வரை புதிதாக உண்டாக்கப்பட்டன. மலை திரையில் தெரிந்தது. காதில் கேட்டதோ குளிரூட்டிய அறை.

வெளியே சென்று நல்ல ஒலி எடுக்கக் கருவி இல்லாமலில்லை. போலந்தில் பிறந்து சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த ஸ்டீபன் குடெல்ஸ்கி 1951இல் தோளில் மாட்டிச் செல்லக்கூடிய ஒலிநாடாக் கருவியை உருவாக்கினார். ‘நாக்ரா’ என்று பெயரிட்டார். போலந்து மொழியில் ‘பதிவு செய்யும்’ என்று பொருள். உலகத் திரைப்படக் கலைஞர்கள் பல பத்தாண்டுகள் இதனைச் சுமந்து திரிந்தனர். சுமந்தனர் என்பது வெறும் பேச்சில்லை; மின்கலங்களோடு ஆறேழு கிலோ கனக்கும். விலையோ தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை கனவிலும் எட்டமுடியாதது.

இந்தியப் பெரும் படங்களில் நேரடி ஒலிப்பதிவு மீண்டும் பேசுபொருளானது 2001இல் வந்த ‘லகான்’ படத்தால் எனலாம். அதன் ஒலிப்பதிவுக்காக நகுல் காம்தேவும் சென்னையின் எச். ஸ்ரீதரும் தேசிய விருது பெற்றனர். தமிழில் கமல்ஹாசனின் ‘விருமாண்டி’ 2004இல் நேரடி ஒலியோடு வந்தது. 2009இல் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்துக்காரரான ரசூல் பூக்குட்டி, ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தின் ஒலிக்கலவைக்காக இயன் டாப், ரிச்சர்ட் பிரைக் ஆகியோருடன் ஆஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டபோது, ஒலிப்பதிவாளர் என்றொருவர் உண்டு என்பதே பல வீடுகளில் அன்றுதான் தெரிந்தது. அண்மையில், 2024இல், பி.எஸ். வினோத்ராஜ் இயக்கிய ‘கொட்டுக்காளி’யில் பின்னணி இசையே கிடையாது. ஆட்டோவின் இரைச்சலும் சேவலின் குரலும் மனிதர் பேச்சுமே அந்த வேலையைச் செய்கின்றன.

தேவிகுளத்து இளைஞரின் கருவிக்கு வருவோம். அது ஒரு நல்ல பட்டுப்புடவையின் விலைக்குள் அடங்கியது. தாயாரின் சுயஉதவிக் குழுக் கடனில் வாங்கியது. கோயில் கொடைகளிலும் திருமண வீடுகளிலும் ஒலிப்பதிவு செய்து தவணை கட்டி முடித்திருக்கிறார். நாடா இல்லை, சுழலும் உறுப்பு ஏதுமில்லை. கைவிரல் நகத்தளவு நினைவட்டையில் ஒலி எண்களாகப் பதிகிறது. ஒரு நொடிக்கு 48,000 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 24 பிட்டுகளில் எழுதுகிறது. திரைப்படத் துறையின் வழக்கமான தரம் இதுவே. இரண்டு ஒலிவாங்கிகளுக்கும் சேர்த்து ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ ஒரு ஜிபி இடம் பிடிக்கும். 32 ஜிபி அட்டை ஒன்றில் முப்பது மணி நேரம் அடங்கும்.

கருவி எளிது, கேட்பதுதான் கடினம். இதை அவர்கள் ஒரு நஷ்டத்தில் கற்றிருக்கிறார்கள்.

நாம் செல்வதற்கு ஒரு மாதம் முன்பு, கொழுந்துச் சரிவில் மதிய உணவு நேரத்தில், தாயார் 2015 செப்டம்பரைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறார். மூணாறில் போனஸ் குறைப்பை எதிர்த்துத் தோட்டப் பெண்கள் வேலையை விட்டுச் சாலையில் அமர்ந்த நாட்கள் அவை. பத்து விழுக்காடாகக் குறைந்ததை இருபதாக்கக் கேட்டவர்களில் இவரும் ஒருவர். வீட்டில்கூட அதிகம் பேசாத பெண்மணி, அன்று முக்கால் மணி நேரம் பேசினாராம். யார் யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், எந்தக் கடைக்காரர் கஞ்சி கொடுத்தார், முதல் இரவு எப்படிக் குளிர்ந்தது என்று எல்லாம். கருவியின் திரையில் கோடுகள் துள்ளின. அதைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிட்டார்கள். ஹெட்ஃபோன் பையிலேயே இருந்தது.

இரவில் போட்டுக் கேட்டபோது உடுக்கை அடிப்பதுபோல் காற்று. ‘டப், டப், டப்.’ நடுநடுவே அம்மாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதாகக் கேட்டது. மலைக்காற்று ஒலிவாங்கியின் தகட்டில் நேரே மோதினால் இப்படித்தான் ஆகும். மனிதக் காது அந்த மோதலைப் பொருட்படுத்தாது, கருவி விடாது. தாழ்ந்த ஒலிகளைக் கணினியில் வடிகட்டிப் பார்த்தார்கள். காற்றோடு குரலின் கனமும் போயிற்று. மறுவாரம் மீண்டும் சொல்லக் கேட்டபோது தாயார் நான்கு வாக்கியங்களில் முடித்துவிட்டார். “அதான் அன்னைக்கே சொன்னேனேப்பா” என்று கத்தரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். படத்தில் இருப்பது அந்த நான்கு வாக்கியங்களே.

அதற்குப் பிறகு கருவிக்கு ரோமப் போர்வை வந்தது. செயற்கை மயிர்த் துணியில் தோழியே தைத்தது. பார்த்தால் பூனைக்குட்டி உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றும். லயத்துப் பிள்ளைகள் அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். கருவியோடு வரும் பஞ்சுத் தொப்பி அறைக்குள் பேசும்போது வாய்க்காற்றைத் தடுக்க உதவும், மலைச்சரிவில் உதவாது. காற்று அந்த மயிர்க்காட்டில் நுழைந்து வலுவிழந்த பிறகே தகட்டை அடைய வேண்டும்.

இரண்டு நாட்கள் அவர்களோடு இருந்ததில் நாமும் சிலவற்றைக் கற்றோம். பேசுபவருக்கும் ஒலிவாங்கிக்கும் உள்ள தூரம் இரட்டித்தால் ஒலியழுத்தம் பாதியாகிறது. சுற்றுப்புற இரைச்சலோ குறைவதில்லை. எனவே கேமரா தள்ளி நின்றாலும் கருவி பேசுபவரின் அருகே, படச்சட்டத்துக்கு வெளியே இருக்க வேண்டும். கேமராவிலுள்ள ஒலிவாங்கியை நம்புவோர் செய்யும் முதல் தவறு இதுதான். அளவுகாட்டியில் உரத்த சொல் சுழியத்துக்கு 12 டெசிபல் கீழே நிற்குமாறு வைத்துக்கொள்கிறார்கள். சுழியத்தைத் தாண்டினால் ஒலி உடைந்துவிடும். உடைந்ததை ஒட்டவைக்க வழியில்லை. 32 பிட் மிதவைப் புள்ளி முறையில் பதிவு செய்யும் புதிய கருவிகள் இந்தக் கவலையைப் பெருமளவு நீக்கியுள்ளன, ஆனால் காற்றை அவையும் நீக்குவதில்லை. தானாகவே அளவு சரிசெய்யும் வசதியை இவர்கள் எப்போதும் அணைத்தே வைக்கிறார்கள். அது, ஒருவர் பேசி நிறுத்தியதும் மௌனத்தையும் பெரிதாக்கிவிடும். தாயார் யோசிக்கும் இடத்தில் எல்லாம் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி எழுந்து வரும்.

குளிர்பதனப் பெட்டி உள்ள வீடுகளில் அதன் முனகல் பெரும் தொல்லை. அணைத்துவிட்டுப் பதிவு செய்வார்கள். ஆனால் திரும்பப் போட மறந்தால் வீட்டுக்காரரின் மீன் கெட்டுவிடும். அனுபவசாலிகள் வண்டிச் சாவியை அந்தப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்களாம். சாவி எடுக்காமல் ஊர் போக முடியாது அல்லவா! இவரும் தம் மோட்டார் சைக்கிள் சாவியை அப்படித்தான் வைக்கிறார்.

படமும் ஒலியும் தனித்தனியே பதிவாவதால் பிறகு சேர்க்க ஓர் அடையாளம் வேண்டும். பெரிய படங்களில் கட்டை தட்டுவார்கள்; இங்கே தோழி கேமராவின் முன் நின்று ஒரு முறை கைதட்டுகிறார். கைகள் சேரும் சட்டமும் ‘டப்’ என்ற ஒலியும் ஒன்றானால் போதும். நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும் படத்தில் ஒரு சட்டத்தின் நேரத்துக்குள் ஒலி 14 மீட்டர்தான் பயணம் செய்யும். இதன் பொருள் நமக்கு எதிர்ச்சரிவில் விளங்கியது. நூறு மீட்டருக்கு அப்பால் பெண்கள் கொழுந்துக் கத்தரியை மூடுவது முதலில் கண்ணுக்குத் தெரிகிறது. ‘சரக்’ என்ற ஒலி அதன் பின்னே வருகிறது. அருகில் வைத்த கருவியில் பதிந்த ஒலியைத் தூரத்துப் படத்தோடு சேர்க்கும்போது இந்தத் தாமதத்தைக் கையால் திருத்த வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா என்று நண்பர்கள் இருவருக்கும் ஒரு மாலை முழுவதும் வாக்குவாதம். தாயார்தான் தீர்த்துவைத்தார்: “எங்களுக்கு எப்பவும் பின்னாடிதானே கேக்கும்?” அப்படியே விட்டுவிட்டார்கள்.

இவர்கள் பேசும் தமிழைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்னோர் தென்மாவட்டங்களிலிருந்து மலையேறியவர்கள். 1956இல் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது தேவிகுளம் கேரளத்தில் அமைந்தது. வீட்டில் தமிழும் கடையில் மலையாளமுமாக வளர்ந்த பேச்சு இது. ஒரே வாக்கியத்தில் இரண்டும் கைகோத்து நடக்கும். நகரத்து டப்பிங் கூடத்தில் வேறொருவர் பேசினால் அந்த நடையை எங்ஙனம் கொண்டுவருவது? தாயார் கட்டன் சாயாவை நம் கையில் கொடுத்து “சூடு உண்டு, பாத்துக் குடிங்க” என்றார். அந்த ‘உண்டு’ பதிவாகியிருக்கிறது.

அவர்கள் மிகவும் விரும்பிக் காத்திருந்தது மழைக்காக. தகரக் கூரையில் மழை விழும் ஓசையை வீட்டுக்குள்ளிருந்து எடுக்க வேண்டும். இந்தத் தாயாருக்கு முப்பத்தைந்து ஆண்டு உறக்கத்தின் ஒலி அது. கணினியில் ஆயிரம் மழைகள் கிடைக்குமே என்று கேட்டோம். “கிடைக்கும் சார். ஆனா எங்க கூரையில மூணாவது தகடு கொஞ்சம் தூக்கியிருக்கும். அதுல மட்டும் வேற சத்தம்” என்றார் மகன். இரண்டாம் நாள் மாலை நான்கு மணிக்கு மலை இருண்டது. கைபேசிகளை அணைத்தோம். முதலில் ஒவ்வொரு துளியாக, பிறகு கொட்டு முழக்கமாக வந்தது. கருவியின் அளவை அவர் மெல்ல மெல்லத் தாழ்த்திக்கொண்டே போனார். நம் காதிலும் ஒரு ஹெட்ஃபோனை மாட்டினார்கள். இடது பக்கம் ஓரிடத்தில், உண்மையிலேயே, அந்தத் தகடு தனியே துடித்துக்கொண்டிருந்தது.

நாம் ஊர் திரும்பிய பிறகு, வீட்டை ஒப்படைத்த நாளைப் பற்றித் தோழி தொலைபேசியில் சொன்னார். பெட்டி, கட்டில், அம்மி எல்லாம் ஏற்றியாகிவிட்டது. ஒலிப்பதிவாளர்கள் ஒவ்வோர் இடத்திலும் கடைசியில் ஒரு நிமிடம் எவரும் பேசாமல் அந்த அறையின் அமைதியை மட்டும் பதிவு செய்வது வழக்கம். படத்தொகுப்பில் வசனங்களுக்கிடையே உள்ள வெட்டுகளை மூட அது தேவைப்படும். காலி வீட்டில் அதைச் செய்தார்கள். பொருள்கள் இல்லாத அறை சற்று எதிரொலித்ததாம். முந்தைய காட்சிகளோடு பொருந்தாது. பொருள்கள் இருக்கும்போதே எடுத்திருக்க வேண்டும் என்று மகன் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறார். ஆனாலும் அழிக்கவில்லை. படத்தின் இறுதிக் காட்சிக்கு அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

பதிவுகள் மொத்தம் பதினொரு மணி நேரம். ஒரு பிரதி மதுரையில் தோழியிடம் உள்ளது. மற்றொன்று சிறிய வன்தட்டில், தாயாரின் தகரப் பெட்டியில், வருங்கால வைப்பு நிதிக் காகிதங்களுக்கும் வங்கிப் புத்தகத்துக்கும் நடுவே, பழைய முந்தானைத் துணியில் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது.