கோழி தாண்டியது வரிக்காக, வீரர் தாண்டுவது வேலைக்காக

அமெரிக்காவில் மாநில வருமான வரியே கல்லூரி விளையாட்டு வீரர்களைத் திசை திருப்புகிறது என்று ஒரு வாதம் நடக்கிறது. கேரள - தமிழக எல்லையில் கணக்கு வேறு.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு விளிம்பில், கோவை மாவட்டத்தை ஒட்டி இருக்கிறது வேலந்தாவளம். நிர்வாகம் கேரளம், பேச்சு பெரும்பாலும் தமிழ். காய்கறிச் சந்தைக்குப் பெயர் போன இந்தச் சிற்றூர் நெடுங்காலம் வெளியுலகுக்குத் தெரிந்தது ஒரு சோதனைச்சாவடியின் பெயராகத்தான். வாளையாறு, கோபாலபுரம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் என்று நீளும் எல்லைச் சாவடிகளின் வரிசையில் இதுவும் ஒன்று.

அந்தச் சாவடிகளின் பொற்காலத்தை விளக்க ஒரு பிராய்லர் கோழி போதும். வெளிமாநிலத்திலிருந்து வரும் கோழிக்குக் கேரளம் 14.5 சதவீதம் மதிப்புக் கூட்டு வரி விதித்தது. பல்லடத்திலும் பொள்ளாச்சியிலும் வளர்ந்த கோழிக்குக் கேரளத்தில்தான் பெரிய சந்தை. இடையே ஒரு சாவடி. விளைவு, இரவு நேரங்களில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஊடுவழிகளில் விளக்கணைத்து ஓடிய கோழி வண்டிகள். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. உயிர்க்கோழிக்கு வரி பூஜ்யம். கிலோ 87 ரூபாய்க்கு விற்றாக வேண்டும் என்று அப்போதைய கேரள நிதி அமைச்சர் தாமஸ் ஐசக் வியாபாரிகளோடு மல்லுக்கு நின்றார். வணிகவரிச் சாவடிகள் மூடப்பட்டன. கோழிக் கடத்தலுக்குக் காரணமும் அத்தோடு போயிற்று.

இரு மாநிலங்களின் வரி வித்தியாசப்பட்டால் சக்கரம் உள்ளதெல்லாம் நகரும். ஜி.எஸ்.டி.க்கு வெளியே நிற்கும் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இது இன்றும் பொருந்தும். கேரளத்தை விடத் தமிழகத்தில் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு என்பதால், கோவை போய்த் திரும்பும் கேரள வண்டிகள் எல்லைக்கு முன்பே டாங்கை நிரப்பிக்கொள்கின்றன. சொகுசுக் கார்கள் இன்னும் ஒரு படி மேலே போயின. கேரளத்தின் வாகன வரிக்குப் பயந்து, சாலை வரி குறைந்த புதுச்சேரியில் ஒரு முகவரியைத் தேடிக்கொண்டன. 2017-ல் மலையாளத் திரையுலகப் பிரபலங்கள் சிலர் வரை இந்தச் சர்ச்சை நீண்டது. கார் கேரளத்தில்தான் ஓடியது. முகவரி மட்டுமே குடிபெயர்ந்தது.

கோழியும் காரும் சரி, மனிதர்கள்? அதிலும் நல்ல விலை போகக்கூடிய, கால்களே மூலதனமான விளையாட்டு வீரர்கள்? அமெரிக்காவில் இன்று சூடாக விவாதிக்கப்படும் கேள்வி இதுதான். அங்கு மத்திய அரசு விதிப்பது போக மாநிலங்களும் வருமான வரி விதிக்கின்றன. கலிபோர்னியாவில் உச்ச விகிதம் 13.3 சதவீதம். டெக்சாஸ், புளோரிடா, டென்னசி மாநிலங்களில் சம்பளத்துக்கு மாநில வரியே இல்லை. கல்லூரி வீரர்கள் பணம் வாங்கக் கூடாது என்ற விதி இருந்தவரை இந்த வித்தியாசம் அவர்களைத் தொடவில்லை. 2021 ஜூலையில் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்கு விற்றுச் சம்பாதிக்க அனுமதி கிடைத்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரசத்தின்படி, பல்கலைக்கழகங்களே ஆண்டுக்கு சுமார் 2 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம் என்றாயிற்று.

உடனே வரிக் கணக்கு மைதானத்துக்குள் வந்துவிட்டது. ஒரே தொகையை இரண்டு பல்கலைக்கழகங்கள் கொடுக்க முன்வந்தால், டெக்சாஸில் கைக்கு வருவது அதிகம் என்று பயிற்சியாளர் சொல்லலாம். வருமான வரி விதிக்கும் மாநிலமான ஆர்கன்சா 2025-ல் கல்லூரி வீரர்களின் இந்த வருமானத்துக்கு மாநில வரியிலிருந்து விலக்குக் கொடுத்து அண்டை மாநிலங்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

இந்த வாதம் வெறும் கற்பனையுமல்ல. வெளிநாட்டிலிருந்து வந்து வேலை செய்பவர்களுக்கு 24 சதவீத ஒரே விகித வரி என்று ஸ்பெயின் கொண்டுவந்த சட்டத்துக்குக் கால்பந்து வீரர் பெக்கமின் பெயரே ஒட்டிக்கொண்டது. 14 ஐரோப்பிய நாடுகளின் கால்பந்துச் சந்தையை ஆராய்ந்து கிளெவன், லாந்தே, சயஸ் என்ற பொருளாதார நிபுணர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வு, நட்சத்திர வீரர்கள் வரிக்கேற்ப நாடு மாறுவதைக் காட்டியது.

ஆனால் நட்சத்திரங்களை வைத்து ஊரையே எடைபோட முடியாது. அமெரிக்காவின் கோடீஸ்வரர்கள் வரிக்குப் பயந்து மாநிலம் மாறுகிறார்களா என்று ஆராய்ந்த சமூகவியலாளர் கிறிஸ்டோபல் யங்கும் அவரது சகாக்களும் கண்டது, பத்து லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்களில் ஆண்டுக்கு 2.4 சதவீதத்தினரே மாநிலம் மாறுகிறார்கள் என்பது. மொத்த மக்களில் இந்த விகிதம் 2.9 சதவீதம். பணக்காரர்களுக்குத் தொழிலும் குடும்பமும் தொடர்புகளும் ஓரிடத்தில் வேர்விட்டிருக்கின்றன. கல்லூரி மைதானமும் இதற்கு ஒத்துப்பாடுகிறது. விளம்பர வருமானம் அனுமதிக்கப்பட்ட பிறகு 2021 முதல் 2024 வரையிலான நான்கு பருவங்களில் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் தேசிய சாம்பியன்கள் ஜார்ஜியா (இருமுறை), மிச்சிகன், ஒஹாயோ ஸ்டேட். மூன்றுமே வருமான வரி விதிக்கும் மாநிலங்கள்.

இனி எல்லைக்கு இந்தப் பக்கம். நம் அரசியல் சாசனம் வருமான வரியை மத்தியப் பட்டியலில் வைத்துவிட்டது. மாநிலங்களுக்கு மிச்சம், விவசாய வருமானத்தின் மீதான வரி. இடுக்கியின் தேயிலை, ஏலத் தோட்டங்களிடம் கேரளம் அதை வசூலித்தது. 2018-ல் தோட்டங்களுக்கு அந்த வரியை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. வரி கசந்தாலும் ஏலத் தோட்டத்தைச் சுருட்டிக்கொண்டு போடிமெட்டு இறங்கிவிட முடியாது. அடுத்தது தொழில் வரி. அதற்கும் ஆளுக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று சாசனமே உச்சவரம்பு கட்டியிருக்கிறது.

2025 நவம்பரில் கேரளத்தின் சஞ்சு சாம்சன் ராஜஸ்தான் ராயல்ஸிலிருந்து சென்னை சூப்பர் கிங்ஸுக்கு 18 கோடி ரூபாய்க்கு மாறினார். ஜெய்ப்பூரை விட்டுச் சென்னைக்கு வந்ததால் அவரது வருமான வரி விகிதத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஓர் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கலிபோர்னியாவிலிருந்து டெக்சாஸுக்கு மாறினால் கதையே வேறு.

சிக்கிம் ஒரு விதிவிலக்கு. அங்குள்ள சிக்கிமியர்களுக்கு அம்மாநிலத்தில் ஈட்டும் வருமானத்துக்கு வருமான வரி இல்லை. இந்தச் சலுகையை 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அங்குள்ள பழைய குடியேற்றவாசிகளுக்கும் விரித்தது. ஆனால் புதிதாகக் குடியேறினால் இது கிடைக்காது. சலுகை ஒட்டியிருப்பது முகவரியில் அல்ல, பூர்வீகத்தில். எல்லைப்புற விளையாட்டு வீரனின் தலைவிதியும் இதே போன்ற ஒரு பூர்வீகக் கேள்வியில்தான் சிக்கியிருக்கிறது.

நம் வீரர்களை ஊர்விட்டு ஊர் நகர்த்தியது எது? பதில் எப்போதும் வேலைதான். திருவனந்தபுரம் கேரள போலீஸ் அணியில் ஆடிய கால்பந்து வீரர் வி.பி. சத்யன் கல்கத்தா மோகன் பகானுக்குப் போய், பிறகு சென்னையின் இந்தியன் வங்கி அணிக்கு வந்தார். இடுக்கி மாவட்டம் தொடுபுழாவின் ஷைனி வில்சன் இந்திய உணவுக் கழகத்தில் சேர்ந்து சென்னைவாசியானார். இடுக்கி ராஜாக்காட்டின் பிரீஜா ஸ்ரீதரன், 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டர் தங்கம் வென்றபோது பாலக்காட்டில் ரயில்வே ஊழியர். இவர்கள் யாரும் ஒரு மாநிலத்தின் வரி விகிதத்தைப் பார்த்து நகர்ந்தவர்களல்ல.

பரிசுத் தொகையிலும் வரி குறுக்கே வருவதில்லை. ஒலிம்பிக், ஆசிய, காமன்வெல்த் போட்டிகளில் பதக்கம் வென்றவர்களுக்கு மத்திய, மாநில அரசுகள் தரும் தொகைக்கு வருமான வரி விலக்கு என்று 2014-ல் உத்தரவாயிற்று. வித்தியாசம் தொகையில்தான். 2022-க்கான ஆசிய விளையாட்டு 2023-ல் ஹாங்சோவில் நடந்து முடிந்தபோது அது வெடித்தது. அந்த அக்டோபரில் பாட்மின்டன் வீரர் எச்.எஸ். பிரணாய், 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியின் மும்முறைத் தாண்டுதலில் தங்கமும் வெள்ளியும் வென்ற எல்தோஸ் பால், அப்துல்லா அபூபக்கர் ஆகியோர் கேரளத்தை விட்டு விலக முடிவு செய்ததாகச் செய்திகள் வந்தன. பிரணாய் தேர்ந்தெடுத்ததாகச் சொல்லப்பட்டது தமிழகத்தை. அரசின் பாராமுகமே காரணம் என்பது புகார்.

அதே மாதம் கேரளம் ஆசியப் போட்டிக்கான பரிசுத் தொகையை அறிவித்தது. தங்கத்துக்கு 25 லட்சம், வெள்ளிக்கு 19 லட்சம், வெண்கலத்துக்கு 12.5 லட்சம். ஹரியானா ஆசியத் தங்கத்துக்குத் தருவது 3 கோடி. இந்தப் பன்னிரண்டு மடங்கு இடைவெளிக்கு முன் எந்த வரி வித்தியாசமும் தூசு.

பதக்கம் வென்றவர்களுக்குக் குரல் உண்டு. பதக்கத்துக்கு முந்தைய கட்டத்தில் நிற்கும் பதின்மூன்று வயதுக்கு அது இல்லை. வேலந்தாவளத்தில் நன்றாக ஓடும் ஒரு சிறுமி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் முன் இரண்டு சாலைகள்.

ஒன்று மேற்கே, பாலக்காடு. கேரளப் பள்ளித் தடகளத்தில் 2022, 2023 இரண்டு ஆண்டுகளிலும் முதலிடம் பிடித்த மாவட்டம். பறளி, முண்டூர் பள்ளிக்கூட மைதானங்கள் ஓட்டக்காரர்களை உருவாக்கும் பட்டறைகள். 1,500 மீட்டரில் 2017, 2019 ஆசியத் தடகளத் தங்கங்களை வென்ற பி.யு. சித்ரா முண்டூர்க்காரர். கேரளத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆண்டுக்கு 50 அரசு வேலைகளும் உண்டு. ஆனால் தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைக்கு அந்தப் பள்ளியின் வகுப்பறை மலையாளம்.

மற்றது கிழக்கே, கோவை. வகுப்பறை தமிழ். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள். ஒலிம்பிக் தங்கம் வென்றால் 3 கோடி. ஆனால் இந்தக் கதவுகளுக்கெல்லாம் முன்னால் நிற்கிறது இருப்பிடக் கேள்வி: நீ தமிழ்நாட்டைச் சேர்ந்தவளா? வேலந்தாவளத்துச் சிறுமி பேச்சில் தமிழச்சி, ரேஷன் கார்டில் கேரளத்துக்காரி. பொறியியல் சேர்க்கையில் ஒரு சந்து உண்டு. எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழகத்திலேயே படித்திருந்தால் வெளிமாநிலப் பூர்வீகத்தவரும் பொதுப்பிரிவில் விண்ணப்பிக்கலாம்.

ஆக, அந்தக் குடும்பம் முடிவெடுக்க வேண்டிய நேரம் ஏழாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கோடை விடுமுறை. அப்போது அவளது கால்கள் எந்தத் தூரத்துக்கு ஏற்றவை என்று எந்தப் பயிற்சியாளரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. தவறவிட்டால் பிறகு எல்லையைத் தாண்டிப் பயனில்லை. அவசரமாகத் தாண்டினால் பறளி, முண்டூர் மைதானங்கள் போய்விடும். அமெரிக்க வீரன் பதினெட்டு வயதில் கணக்குப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யும் கணக்கை, இவளுக்காக அப்பா அம்மா பதின்மூன்று வயதில் யாரும் சொல்லித்தராமல் போடுகிறார்கள்.

இதைச் சரிசெய்யப் பெரிய சட்டம் தேவையில்லை. பாலக்காடு, இடுக்கியின் எல்லைத் தாலுகாக்களில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கேரள அரசு விளையாட்டுப் பள்ளிகளில் தமிழ் வகுப்பையும் விடுதியையும் தரலாம். எல்லையோரப் பிள்ளைகள் படித்த ஆண்டுகளைக் கணக்கிடும்போது தமிழக அரசு சற்று நெகிழலாம். கோழிக்காகவும் துணிமணிக்காகவும் இரண்டு மாநிலங்களும் மற்ற மாநிலங்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே வரிக்கு ஒப்புக்கொண்டிருக்கின்றன. பிள்ளைகளுக்காக அப்படி உட்கார்ந்ததில்லை.

வேலந்தாவளத்தில் சரக்குக்கான வணிகவரிச் சாவடி போய்விட்டது. மனிதர்களுக்கான சாவடி சான்றிதழ் வடிவில் இன்னும் நிற்கிறது. அதற்குத்தான் ஊடுவழி இல்லை.