ஒரு வினாடிக்கு ஒன்பது சுற்று

பொள்ளாச்சி, ஆனைமலை வட்டாரத்தில் ஆனியில் மழை பிடித்துக்கொண்டால், ஆடி முடிவதற்குள் தென்னந்தோப்பில் புல் முழங்கால் உயரம் வந்துவிடும். விழுந்த தேங்காய் கண்ணில் படாது. பாம்புக்குப் பயந்து காய் பொறுக்க வருபவர்கள் தயங்குவார்கள். மண்வெட்டியால் செதுக்க ஆள் கிடைப்பதும் அரிது. ரோட்டவேட்டரை விட்டு மொத்தமாக உழுதுவிடலாம்தான். ஆனால் அடிக்கடி உழுதால் மேல்மண்ணில் பரவியிருக்கும் சல்லி வேர்கள் அறுபடும், மூடாத மண் வெயிலில் காயும், சரிவான நிலத்தில் மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு போகும். அதனால்தான் உழவைக் குறைத்து, புல்லை வெட்டி அங்கேயே மூடாக்காகப் போடும் முறையைத் தென்னை விவசாயிகள் பலர் கையாள்கிறார்கள்.

அந்த வேலைக்கான கருவி ஸ்லாஷர். கனத்த இரும்புத் தகட்டால் ஆன கூடு, அதன் அடியில் படுக்கைவாக்கில் சுழலும் இரண்டு கத்திகள், மேலே ஒரு கியர் பாக்ஸ், அவ்வளவுதான். இதற்குச் சொந்தமாக இன்ஜின் கிடையாது. டிராக்டரின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குட்டைத் தண்டுதான் இதைச் சுற்ற வைக்கிறது. பவர் டேக் ஆஃப் என்பது அதன் முழுப்பெயர்; புழக்கத்தில் எல்லோருக்கும் அது பி.டி.ஓ.

பல வருடம் உழவு ஓட்டியவர்கூட முதன்முதலாக ஸ்லாஷர் பூட்டும்போது புதியவர்தான். கலப்பையை டிராக்டர் இழுக்கிறது. டிராக்டர் நின்றால் கலப்பையும் நிற்கும். பி.டி.ஓ.வில் ஓடும் கருவி அப்படி இல்லை. டிராக்டர் ஓரடிகூட நகராமல் நின்றிருந்தாலும் கத்தி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். பூட்டுவது, ஓட்டுவது, இறங்குவது ஆகிய மூன்றிலும் கடைப்பிடிக்க வேண்டிய விதிகள் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே வருகின்றன.

சக்கரத்தை நம்பாத கத்தி

டிராக்டர் பரவுவதற்கு முன் அமெரிக்க, ஐரோப்பிய வயல்களில் அறுவடைக் கருவிகளைக் குதிரைகள் இழுத்தன. கருவியின் அடியில் இருந்த பெரிய சக்கரம் தரையில் உருள, அந்தச் சுழற்சி பற்சக்கரங்கள் வழியாகக் கத்திக்குப் போனது. நிலம் ஈரமாக இருந்தால் சக்கரம் வழுக்கும், கத்தியும் நின்றுவிடும். பயிர் அடர்ந்த இடத்தில் மெதுவாகப் போனால் கத்தியின் வேகமும் குறையும். வலு அதிகம் வேண்டிய இடத்தில்தான் அது கைவிட்டது.

இன்ஜினின் சுழற்சியை நேரே கருவிக்குக் கொடுத்தால் இந்தத் தொல்லை தீரும் என்று பலர் முயன்றார்கள். பிரான்சில் கூஜிஸ் என்ற மெக்கானிக் தானே செய்து வைத்திருந்த ஓர் ஏற்பாட்டை, அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்தின் பொறியாளர் எட்வர்ட் ஜான்ஸ்டன் பார்த்தார். அந்த நிறுவனம் 1918இல் தன்னுடைய 8-16 டிராக்டரில் பி.டி.ஓ. வசதியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1927இல் அமெரிக்க வேளாண் பொறியாளர்கள் சங்கம் இதற்கு ஒரு பொதுத் தரத்தை வகுத்தது.

அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று இந்தியாவில் பரவலாக இருக்கும் அளவு: நிமிடத்துக்கு 540 சுற்று, தண்டின் குறுக்களவு 35 மில்லிமீட்டர், அதன்மேல் நீளவாக்கில் 6 பற்கள். டிராக்டருக்குப் பின்னால் நின்று பார்த்தால் கடிகார முள்ளின் திசையில் சுற்றும். பெரிய டிராக்டர்களில் 1,000 சுற்று ஓடும் தண்டும் உண்டு. அதன் பற்களின் எண்ணிக்கை வேறு. சென்னையில் 1960இல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் டிராக்டரோடு வேறெந்த ஊர்ப் பட்டறையில் செய்த ஸ்லாஷரும் பொருந்துகிறது என்றால், அந்தப் பொது அளவே காரணம்.

பூட்டும் வரிசை

முதலில் குதிரைத்திறன். இன்ஜினில் இருக்கும் திறன் முழுவதும் பி.டி.ஓ.வுக்கு வந்து சேராது. வழியில் கியர்கள் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். 45 குதிரைத்திறன் டிராக்டரில் பி.டி.ஓ.வில் கிடைப்பது ஏறக்குறைய 38. ஐந்தடி அகல ஸ்லாஷருக்கு இது தாராளம். 25 அடி இடைவெளியில் நட்ட தோப்பில், மரத்தைச் சுற்றிய வட்டப்பாத்தியை விட்டுவிட்டு நடுவில் போய்வர ஐந்தடிக் கருவி வசதியாகவும் இருக்கும். புல்லைப் பொடிப்பொடியாக நறுக்கும் மல்ச்சருக்கு இன்னும் கூடுதல் திறன் வேண்டும்.

சமதளத்தில் ஸ்லாஷரை வைத்து, டிராக்டரை மெதுவாகப் பின்னோக்கிக் கொண்டுவர வேண்டும். அப்போது இரண்டுக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது. கீழ்க் கைகளில் இடது, அடுத்து வலது, கடைசியாக டாப் லிங்க் என்று மாட்டி, ஒவ்வொரு பின்னுக்கும் பூட்டு ஊசி போட வேண்டும். கருவி பக்கவாட்டில் ஆடாதபடி செயின்களை இறுக்கிக்கொள்ள வேண்டும்.

இன்ஜினை அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான், டிராக்டரின் தண்டையும் ஸ்லாஷரையும் இணைக்கும் பி.டி.ஓ. ஷாஃப்ட்டைக் கையில் எடுக்க வேண்டும். அதன் முனையில் ஒரு சிறு பித்தான் இருக்கும். அதை அழுத்திப் பிடித்து, பற்களோடு பற்கள் சேரும்படி தண்டின்மேல் தள்ளினால், ஓர் இடத்தில் பித்தான் ‘டக்’கென்று வெளியே குதிக்கும். அது குதித்தால்தான் பூட்டு விழுந்தது என்று அர்த்தம். பிறகு ஷாஃப்ட்டை இரண்டு கையாலும் பலமாகப் பின்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். அரைகுறையாகப் பூட்டிய ஷாஃப்ட் ஓட்டத்தில் கழன்றால், நீண்ட இரும்புக் குழாய் ஒன்று ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் தறிகெட்டுச் சுற்றும்.

புதிய ஷாஃப்ட்டில் நீளத்தையும் பார்க்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்கள் அதில் உண்டு. கருவியைத் தூக்கி இறக்கும்போது அவை உள்ளே போகும், வெளியே வரும். ஷாஃப்ட் அதிக நீளமாக இருந்தால் ஒரு நிலையில் முட்டி, டிராக்டரின் பேரிங்கை உடைத்துவிடும். அதிகக் குட்டையாக இருந்தால் ஓட்டத்தில் பிரிந்துவிடும். முழுவதும் நீண்ட நிலையிலும் குழாய்கள் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். குறைக்க வேண்டுமானால் இரண்டு குழாய்களையும் அவற்றின் உறைகளையும் ஒரே அளவு அறுக்க வேண்டும். மறுபடி சேர்க்கும்போது இரு முனைக் கவைகளும் ஒரே திசையில் நிற்கின்றனவா என்று பார்ப்பது முக்கியம். மாறியிருந்தால் ஷாஃப்ட் அதிர்ந்துகொண்டே ஓடும். கவைகளை இணைக்கும் கிராஸ் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

எந்த கிளட்ச்?

பி.டி.ஓ.வை நிறுத்தும் வழி எல்லா டிராக்டரிலும் ஒன்றில்லை. ஒற்றை கிளட்ச் உள்ள பழைய வண்டியில் பெடலை மிதித்தால் சக்கரத்துக்கும் பி.டி.ஓ.வுக்கும் போகும் வலு சேர்ந்தே நிற்கும். இதில் ஓர் ஆபத்து உண்டு. சுழலும் கத்தியின் கனம் ஷாஃப்ட் வழியாக டிராக்டரின் கியர் பாக்ஸைத் திருப்பித் தள்ள, கிளட்சை மிதித்த பிறகும் டிராக்டர் முன்னே நகரும். வேலிக்கோ வாய்க்காலுக்கோ பக்கத்தில் இருக்கும்போதுதான் இது தெரிய வரும். அதைத் தடுக்க, ஒரு பக்கம் மட்டுமே வலுவைக் கடத்தும் தனி கிளட்ச் ஒன்றை ஷாஃப்ட்டில் சேர்ப்பார்கள்.

இரட்டை கிளட்ச் டிராக்டரில் பெடலைப் பாதி மிதித்தால் வண்டி நிற்கும், கத்தி ஓடும். முழுவதும் மிதித்தால் கத்திக்குப் போகும் வலுவும் நிற்கும். இன்னும் சில டிராக்டர்களில் பி.டி.ஓ.வுக்கென்றே தனி லிவர் இருக்கும். பெடலுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. புதிதாக ஓட்டுபவர் தன் வண்டி இந்த மூன்றில் எது என்பதை, ஸ்லாஷர் மாட்டுவதற்கு முன் வெறும் தண்டைச் சுற்றவிட்டு, இருக்கையிலிருந்தபடியே பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது.

தோப்புக்குள்

வேலை தொடங்கும் முன் தோப்பை ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். கல், காய், மட்டை, கம்பித் துண்டு எல்லாவற்றையும் அப்புறப்படுத்தி, சொட்டுநீர்க் குழாய்களைச் சுருட்டி ஓரத்தில் வைத்து, வால்வும் மரக்கட்டையும் இருக்கும் இடத்தில் குச்சி நட்டுத் துணி கட்டிவிட வேண்டும். இது வெறும் முன்ஜாக்கிரதைப் பேச்சு இல்லை. ஐந்தடி ஸ்லாஷரின் கியர் பாக்ஸ் பி.டி.ஓ. வேகத்தை ஒன்றரை மடங்காக்குகிறது என்று வைத்துக்கொண்டால், கத்தியின் நுனி மணிக்கு 220 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது. அதில் சிக்கிய கல் 100 மீட்டர் தூரம்கூடப் போய் விழலாம். முன்னும் பின்னும் தொங்கும் சங்கிலித் திரை இருந்தாலும், குழந்தைகளும் ஆடுமாடுகளும் அக்கம்பக்கத்தில் இருக்கவே கூடாது.

இன்ஜின் மெதுவாக ஓடும் நிலையில், ஸ்லாஷரைத் தரையிலிருந்து சற்றே தூக்கி வைத்து, பி.டி.ஓ.வைப் போட வேண்டும். கத்தி சீராகச் சுற்றத் தொடங்கியதும் கை ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். டேஷ்போர்டில் இருக்கும் மீட்டரில் 540 என்று தனியாகக் குறியிட்டிருப்பார்கள். பல டிராக்டர்களில் இது இன்ஜின் 1,500 முதல் 2,000 சுற்றுக்குள் ஓடும்போது கிடைக்கும். குறைந்த இன்ஜின் வேகத்திலேயே 540 தரும் சிக்கன பி.டி.ஓ. உள்ள வண்டிகளும் உண்டு. லேசான புல்லுக்கு அது டீசலை மிச்சப்படுத்தும்.

உழவுப் பழக்கம் குறுக்கே நிற்பது இங்கேதான். வண்டி வேகமாகப் போகிறது என்று தோன்றினால் கை தானாக ஆக்ஸிலரேட்டரைக் குறைக்கும். அப்படிக் குறைத்தால் கத்தியின் வேகமும் குறைந்து, புல் வெட்டுப்படாமல் கிழியும், மடங்கிப் படுத்துவிடும். ஸ்லாஷரில் வெட்டுவது கத்தியின் கூர்மையைவிட அதன் வேகம். அதனால் 540ஐ அப்படியே வைத்துக்கொண்டு, வண்டியின் வேகத்தைக் கியரில் குறைக்க வேண்டும். மணிக்கு 3 முதல் 5 கிலோமீட்டர், அதாவது ஆள் நடக்கும் வேகம் போதும். இன்ஜின் முனகினால் ஒரு கியர் கீழே போக வேண்டும். இடுப்பளவு வளர்ந்த புதரை ஒரே ஓட்டத்தில் அடிக்கப் பார்க்காமல், முதலில் உயரமாக ஒரு வெட்டு, பிறகு தாழ்வாக ஒரு வெட்டு என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம்.

வெட்டும் உயரம் மூன்று, நான்கு அங்குலம் இருக்கட்டும். மழமழவென்று இருக்க வேண்டும் என்று கத்தியைத் தரையோடு ஒட்டவிட்டால் மண்ணில் மோதி மழுங்கும், கல்லையும் கிளப்பும். டாப் லிங்க்கைச் சரிசெய்து, கூட்டின் முன்பக்கம் பின்பக்கத்தைவிட அரை அங்குலம் தாழ்ந்திருக்கும்படி வைத்தால் வெட்டு சுத்தமாகவும் இன்ஜினுக்குச் சுமை குறைவாகவும் இருக்கும். பார்த்தீனியம் முளைத்த தோப்பில் அது பூக்கும் முன்பே வெட்டிவிட வேண்டும். விதை விழுந்த பிறகு வெட்டினால் பயன் குறைவு.

திரும்பும்போது கருவியைக் கொஞ்சமாகத் தூக்கினால் போதும். கத்தி சுற்றும்போது அதிகமாக உயர்த்தினால் ஷாஃப்ட் அளவுக்கு மீறி மடங்கி, ‘கடகட’வென்று சத்தம் போடும். மேலும் தூக்க வேண்டுமென்றால் முதலில் பி.டி.ஓ.வை நிறுத்த வேண்டும். கத்தி கட்டையில் மோதினால் ஷாஃப்ட்டில் இருக்கும் ஷியர் போல்ட் உடையும். கியர் பாக்ஸைக் காப்பாற்ற உடைவதற்கென்றே அதை வைத்திருக்கிறார்கள். அடிக்கடி உடைகிறதே என்று கெட்டியான போல்ட் போட்டால், அடுத்த அடி கியர் பாக்ஸில் விழும்.

இறங்கும் முன்

540 சுற்று என்பது ஒரு வினாடிக்கு ஒன்பது சுற்று. 35 மில்லிமீட்டர் தண்டே வினாடிக்கு ஒரு மீட்டர் துணியைச் சுற்றிக்கொள்ளும். பருமனான கிராஸ் பகுதியில் சிக்கினால் கிட்டத்தட்ட மூன்று மீட்டர். வேட்டி நுனி, லுங்கி, தோளில் போட்ட துண்டு, முந்தானை, அவிழ்ந்த கூந்தல் எதுவானாலும், ஆள் சுதாரிப்பதற்குள் நூற்கண்டில் சுற்றுவதுபோல் சுற்றி இழுத்துவிடும். இன்ஜினை அணைக்க ஓடி வருவதற்கு யாருக்கும் நேரம் இருக்காது. கதிரடிக்கும் இயந்திரங்களில் கை இழந்தவர்கள் பெருகியதால்தான் 1983இல் நாடாளுமன்றம் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தையே கொண்டுவந்தது.

வண்டி நின்றிருக்கிறது, அதனால் பக்கத்தில் போகலாம் என்பது உழவு கற்றுக்கொடுத்த நினைப்பு. ஸ்லாஷரில் புல் அடைத்துக்கொண்டாலும், ஒரு போல்ட் லூசாகத் தெரிந்தாலும், வரிசை மாறக் கூடாது. ஆக்ஸிலரேட்டரைக் குறைத்து, பி.டி.ஓ.வை நிறுத்தி, கருவியைத் தரையில் இறக்கி, இன்ஜினை அணைத்து, சாவியை எடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் கத்தி சற்று நேரம் சுற்றும். அது நிற்கும்வரை இருக்கையிலேயே இருக்க வேண்டும். கத்தி மாற்றக் கூட்டின் அடியில் கை விட வேண்டியிருந்தால், ஹைட்ராலிக் தூக்கிப் பிடித்திருக்கிறது என்று நம்பாமல் கனமான மரக்கட்டையை முட்டுக் கொடுக்க வேண்டும். கத்திகளை எப்போதும் ஜோடியாக, ஒரே எடையில் மாற்ற வேண்டும். ஒன்று கனத்தால் கருவி முழுவதும் ஆடும்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. எட்டு மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கிராஸுக்கு கிரீஸ், கியர் பாக்ஸில் எண்ணெய் மட்டம், கத்தி போல்ட்டின் இறுக்கம் ஆகிய மூன்றையும் பார்த்தால் போதும்.

ஷாஃப்ட்டைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். உள்ளே தண்டு சுற்றும்போது உறை சுற்றாமல் நிற்க, முனையில் சிறு சங்கிலி ஒன்று உண்டு. கிரீஸ் அடிக்க இடைஞ்சல் என்று கழற்றி, பிறகு மாட்டாமலே விடப்படுவது இந்த உறைதான். துணிக்கும் சுழலும் இரும்புக்கும் நடுவில் இருப்பதும் இது ஒன்றுதான். ஸ்லாஷர் வாங்கப் போகிறவர்கள் கத்தியைத் தட்டிப் பார்ப்பதற்கு முன் இந்த உறையையும் சங்கிலியையும் பாருங்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், விரிசல் விட்டிருந்தால் இந்த வாரமே மாற்றுங்கள். வாடகைக்கு வரும் வண்டியில் உறை இல்லையென்றால், மாட்டிக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள். புல் இன்னும் இரண்டு நாள் நின்றால் தோப்புக்கு ஒரு நஷ்டமும் இல்லை.