பேசும் கணினியும் அதை அறியாத கடையும்

பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் நம் வங்கியின் நெடுநாள் வாடிக்கையாளர், பார்வையற்றவர். அண்மையில் அவர் மடிக்கணினி வாங்கச் சென்றபோது நாமும் உடன் சென்றிருந்தோம். கணக்கில் உள்ள இருப்பை அறியவும் பணம் அனுப்பவும் அவர் இதுவரை பிறர் உதவியையே நாடி வந்தார். கடவுச்சொல்லை எவரிடமும் சொல்லாதீர்கள் என்று நாம் ஓயாமல் எச்சரிக்கிறோம். கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லைப் படித்துச் சொல்லவே இன்னொருவர் தேவைப்படுபவருக்கு அந்த எச்சரிக்கையால் என்ன பயன்? தம் பணத்தைத் தாமே கையாள வேண்டும் என்பதற்காகவே அவர் கணினி வாங்கத் துணிந்தார்.

கடையில் இருந்த விற்பனையாளர் பணிவானவர். ஆயினும் அவர் ஆசிரியையிடம் பேசவில்லை. "அம்மாவுக்கு எவ்வளவு விலையில் வேண்டும்?" என்று நம்மிடமே கேட்டார், திரையின் தெளிவையும் நிறத்தையும் விரிவாக எடுத்துரைத்தார். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் வசதி உண்டா என்று ஆசிரியை வினவியபோது, "அதற்குத் தனி மென்பொருள் வாங்க வேண்டும், அம்மா. எங்களிடம் இல்லை" என்றார்.

ஆசிரியை மறுமொழி கூறவில்லை. விசைப்பலகையை விரல்களால் தடவிப் பார்த்து, விண்டோஸ், கன்ட்ரோல், என்டர் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினார். மறுகணமே கணினி பேசத் தொடங்கியது. "இது இதிலேயே இருக்கிறதா?" என்று விற்பனையாளர் வியந்தார். நாள்தோறும் அவர் விற்கும் பொருள்தான் அது.

விண்டோஸ் கணினிகளில் 'நாரேட்டர்' என்னும் திரைவாசிப்பான் 2000ஆம் ஆண்டு முதலே இடம்பெற்று வருகிறது. ஆப்பிள் கணினிகளில் 'வாய்ஸ்ஓவர்' 2005இல் வந்தது. கமாண்ட் விசையுடன் எஃப்5 விசையை அழுத்தினால் அது இயங்கும். 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் உருவாக்கத் தொடங்கிய என்.வி.டி.ஏ. மென்பொருளை எவரும் இலவசமாகப் பெறலாம். அது தமிழையும் வாசிக்கும். விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்களும் உண்டு. ஆனால் அவை இன்றியும் ஒருவர் கணினியைப் பயன்படுத்த முடியும் என்பதைக் கடை ஊழியர் அறிந்திருந்தால், வாங்க வந்தவர் வெறுங்கையுடன் திரும்ப நேராது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் பார்வைக் குறைபாடு உடையோர் ஏறத்தாழ 50 லட்சம் பேர். அன்றாடப் பயன்பாட்டுக்கான மின்னணுப் பொருள்கள் அனைவருக்கும் ஏற்ற வடிவில் கிடைக்க வேண்டும் என்பதை மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 வலியுறுத்துகிறது. மின்னணுச் சேவைகளைப் பெறுவது வாழ்வுரிமையின் ஒரு கூறு என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது.

கடைகளை மட்டும் குறை கூறி நாம் ஒதுங்கிவிட இயலாது. காசோலைப் புத்தகம், ஏ.டி.எம்., பாதுகாப்புப் பெட்டகம் ஆகியவற்றைப் பார்வையற்றோருக்கு மறுக்கலாகாது என்று ரிசர்வ் வங்கி 2008லேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. விதி அறிவுறுத்தலில் இருந்தால் போதாது. முகப்பில் அமர்ந்திருப்பவரும் அதை அறிந்திருக்க வேண்டும். கடைக்கும் வங்கிக் கிளைக்கும் இது பொது.

கணினி வாங்கச் செல்லும் பார்வையற்ற நண்பர்களுக்குச் சில குறிப்புகள்:

விலை பேசுவதற்கு முன்பே திரைவாசிப்பானை இயக்கிக் கேளுங்கள். எஃப், ஜே விசைகளின் மேடு விரலுக்கு நன்கு தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். இன்சர்ட் விசை எங்குள்ளது என்று தேடுங்கள். திரைவாசிப்பானுக்கு அது அடிக்கடி தேவைப்படும். அது இல்லையெனில் கேப்ஸ்லாக் விசையை அமைத்துக்கொள்ளலாம். பொது இடத்தில் கணக்கைத் திறக்கும்போது காதணிபேசி இன்றியமையாதது. திரையின் உயர்தரத்துக்காகக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை.

ஆசிரியை அன்று அந்தக் கணினியையே வாங்கினார். புறப்படும்போது விற்பனையாளர் அம்மூன்று விசைகளையும் இன்னொரு முறை சொல்லுமாறு கேட்டுச் சீட்டில் குறித்துக்கொண்டார். இம்முறை அவர் ஆசிரியையிடமே கேட்டார்.