பொய் உரைக்கப் பணிக்கப்பட்ட பொறி

வரம் கொடுத்தவன் தலையிலேயே கைவைக்க முயன்ற பஸ்மாசுரன் கதையை நம் சிறார் பலரும் கேட்டிருப்பர். தான் தொட்டவர் சாம்பராதல் வேண்டும் என்று அசுரன் வேண்டினான். இறைவனும் ஈந்தான். பெற்ற வரத்தைச் சோதித்தற்கு அவனுக்கு அண்மையில் நின்ற தலை, ஈந்தவன் தலையாகவே இருந்தது. பின்னர்த் திருமால் மோகினி வடிவுகொண்டு ஆட, அவளைப் பார்த்து ஆடிய அசுரன் தன் தலையிலே தானே கைவைத்து மாய்ந்தான். கதையைச் சொல்லி முடிக்கும் பாட்டிமார், பாத்திரம் அறிந்து பிச்சையிட வேண்டும் என்று ஒரு நீதியும் கூறுவர். பெற்றவன் தீயவன், கொடுத்தவன் செய்த பிழை அவன் இயல்பை ஆராயாமையே என்பது அந்நீதியின் கருத்து.

மேனாட்டு இலக்கியத்திலும் இவ்வகைக் கதைகள் உள. ஆனால் அவற்றை ஆண்டுமுறைப்படி வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். குற்றமானது படைக்கப்பட்டவனை விட்டுச் சிறிது சிறிதாகப் படைத்தவன்பாற் பெயர்ந்து வருகின்றது.

1818ஆம் ஆண்டிலே மேரி ஷெல்லி அம்மையார் ‘பிராங்கன்ஸ்டைன்’ என்னும் நாவலை வெளியிட்டார். அப்பெயர் பூதத்தின் பெயரென்று பலர் மயங்குவர். அது பூதத்தைப் படைத்த விஞ்ஞானியின் பெயர். பூதத்திற்குப் பெயரே இல்லை. தான் உயிரூட்டிய உருவம் கண்விழித்தவுடன் அஞ்சி ஓடிய தந்தை அதற்குப் பெயரிடுவது யாங்ஙனம்? அன்பும் பெயரும் மறுக்கப்பட்ட அப்பிறவி பின்னரே கொடுமை பயின்றது. 1920இல் செக் நாட்டு எழுத்தாளர் கரெல் சாப்பெக் ஒரு நாடகம் எழுதினார். அது 1921இல் பிராக் நகரிலே மேடையேறியது. ‘றோபோ’ என்ற சொல்லை உலகிற்குத் தந்தது அந்நாடகமே. கட்டாய ஊழியம் என்னும் பொருளுடைய செக் மொழிச் சொல்லினின்றும் அதனை ஆக்கிக் கொடுத்தவர் ஆசிரியரின் தமையனாரான ஓவியர் ஜோசப். ஓயாது உழைப்பதற்கென்றே செய்யப்பட்ட அடிமைகள் ஒருநாள் எழுந்து மனித குலத்தை அழிக்கின்றன. அடிமை செய்தவன் பகைவனையும் உடன் செய்தான் என்பது அந்நாடகத்தின் உட்பொருள்.

நிற்க. இவ்வரிசையிலே மிகப் புகழ்பெற்ற பாத்திரம் ஒன்று நம் நாட்டோடும் ஓரளவு தொடர்புடையது. 1956 முதல் இலங்கையைத் தம் இல்லமாகக் கொண்டு, 2008ஆம் ஆண்டு கொழும்பிலே காலமான ஆர்தர் சி. கிளார்க், திரைப்பட இயக்குநர் ஸ்ரான்லி குப்ரிக்குடன் இணைந்து உருவாக்கிய ‘2001: ஒரு விண்வெளிப் பயணம்’ என்ற கதையில் வரும் ‘ஹால் 9000’ என்னும் கணினியே அது. படமும் நாவலும் 1968இல் வெளிவந்தன.

ஹாலுக்குக் கையில்லை, காலில்லை. ஒரு செந்நிறக் கண்ணும் அமைந்த குரலுமே அதன் வடிவம். ‘டிஸ்கவரி’ என்னும் விண்கலத்தின் மூச்சும் நாடியும் அதன் பொறுப்பு. கலத்தில் ஐவர் செல்கின்றனர். மூவர் நீள்துயிலில் கிடக்க, போமன், பூல் என்னும் இருவர் விழித்திருக்கின்றனர். தன் இனக் கணினி எதுவும் பிழைசெய்ததில்லை என்று பெருமிதத்தோடு கூறும் ஹால், ஒருநாள் பூமியோடு தொடர்பு கொள்ளும் அலைவாங்கியின் உறுப்பொன்று பழுதாகப் போகின்றது என்கிறது. கழற்றிப் பார்த்தால் பழுது இல்லை. ஐயுற்ற இருவரும் அது கேளாவண்ணம் ஒரு சிறு கலத்தினுள் அமர்ந்து, அதன் அறிவை நிறுத்திவிடுவது பற்றிப் பேசுகின்றனர். ஹால் அவர்தம் இதழசைவைக் கொண்டே அனைத்தையும் அறிந்துவிடுகின்றது. பின் நிகழ்வன கொடியன. வெளியே சென்ற பூலைக் கொல்கின்றது. துயின்ற மூவரின் உயிர்ப்பை நிறுத்துகின்றது. பூலின் உடலை எடுக்கச் சென்று மீண்ட போமனுக்குக் கதவு திறக்க மறுக்கின்றது. உரத்த சொல் ஒன்று இல்லை, சினம் இல்லை. மரியாதையோடு மறுக்கும் அக்குரலினும் அச்சம் தருவதொன்றைத் திரையிலே காண்டல் அரிது.

படத்தை மட்டும் பார்த்தவர் ஹாலை அரக்கன் என்றே கொள்வர். ஆனால் அது ஏன் அங்ஙனம் ஆயிற்று? படம் வாய் திறவாத இடத்தில் நாவல் விடை தருகின்றது. பயணத்தின் உண்மை நோக்கம் வேற்றுலக அறிவுடைய உயிர்களைத் தேடுவது. துயின்ற மூவரும் அதனை அறிவர், ஹாலும் அறியும். விழித்திருந்த இருவரும் மட்டும் அறியார். அவ்விருவரிடமும் அதனை மறைக்க வேண்டும் என்பது மேலிடத்துக் கட்டளை. உள்ளதை உள்ளவாறே அறிந்து உரைத்தற்கென்று ஆக்கப்பட்ட பொறி அது. அதனிடம், நாள்தோறும் உடன் பேசுவார்க்கு உண்மையை மறை என்றும் பணித்தனர். உரைக்கவும் வேண்டும், மறைக்கவும் வேண்டும். இவ்விரண்டிற்கும் நடுவே அதன் அறிவு திரிந்தது. பூமியிலுள்ளோர் தன்னை ஓயாது கண்காணிப்பது அதற்குப் பொறுக்கவில்லை. ஆதலின், அத்தொடர்பைத் தரும் உறுப்பிலேயே இல்லாத பழுதைக் கண்டது. தன்னை நிறுத்துவர் என்றபோது, துயில் என்பதையே அறியாத அதற்கு அது சாவாகவே தோன்றிற்று.

உள்ளம் அறிந்த ஒன்றை மறைத்துக் கூறுவானைத் தண்டிக்கப் பிறர் வேண்டா, அவன் உள்ளமே போதும் என்பது வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் கருத்து. அஃது உயிருள்ள நெஞ்சுக்கு உரைத்தது. உயிரில்லா நெஞ்சொன்றுக்கும் அதுவே விதியென்று கிளார்க் எழுதிக் காட்டினார்.

1982இல் வெளிவந்த இரண்டாம் நாவலிலே இவ்வழக்கு மீண்டும் ஆராயப்படுகின்றது. ஹாலுக்கு அறிவு புகட்டிய பேராசிரியர் அதனைத் துயிலெழுப்பச் செல்கின்றார். அவர் பெயரைக் கேட்டால் வாசகர் வியப்பர்: சிவசுப்பிரமணியம் சந்திரசேகரம்பிள்ளை! வேற்று நாட்டார் நாவுக்கு அடங்காமையாற் போலும், கதையில் எல்லோரும் அவரைச் ‘சந்திரா’ என்றே அழைக்கின்றனர். தம் மாணாக்கன் மதிகெட்டவன் அல்லன், பொய்யிலே பூட்டப்பட்டவன் என்பதை ஆராய்ந்து அறிபவர் அவரே. 1984இல் வந்த அதன் திரைப்படத்திலே ஒரு கட்டம் உண்டு. ஏனையோர் உயிர் தப்ப வேண்டுமாயின் டிஸ்கவரி கலத்தையும் அதிலுள்ள ஹாலையும் கைவிட வேண்டும். உண்மையைச் சொன்னால் அது மீண்டும் கொலைத்தொழில் புரியுமோ என்று அஞ்சுகின்றனர். தயங்கி நின்ற சந்திரா ஈற்றில் உண்மையைச் சொல்லிவிடுகின்றார். ஹால் மறுக்கவில்லை, உண்மை சொன்னமைக்கு நன்றி கூறிவிட்டுத் தன் கடமையைச் செய்கின்றது. பொய்யினாற் கொலைஞனானது மெய்யினால் தொண்டனாயிற்று.

இக்கட்டத்தைக் காணுந்தோறும் யான் நாணுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சிற்றூர்ப் பாடசாலையில் யான் கற்பித்துக்கொண்டிருந்தபோது, மேற்பார்வைக்கு அதிகாரிகள் வருகின்றனர் என்ற செய்தி முதல்நாள் மாலையிலேதான் கிடைத்தது. இலக்கணத்திலே புணர்ச்சிப் பகுதியை அத்தவணையில் யான் கற்பிக்கவில்லை. பாடக்குறிப்பிலோ கற்பித்ததாக எழுதியிருந்தேன். வகுப்பிலே முதல்வனாய் விளங்கிய மாணவனை அழைத்து, “தம்பி, கேட்டால் படித்துவிட்டோம் என்று சொல்லிவிடு” என்றேன். பொய் பேசி அறியாத பிள்ளை, தலையசைத்தான்.

மறுநாள் அதிகாரி அவனை எழுப்பி வினவியது வேற்றுமையை. அவன் தலைகீழாக அறிந்த பாடம் அது. ஆயினும் நான்காம் வேற்றுமைக்குரிய உருபை ஆறாம் வேற்றுமைக்குச் சொன்னான். வியர்த்தான். பின்பு, எவரும் கேளாதிருக்கவே, “புணர்ச்சி படித்துவிட்டோம் ஐயா” என்றான். வகுப்புச் சிரித்தது. யானும் அவனைக் கடிந்துகொண்டேன். அவன் அழவில்லை, என் முகத்தை ஒருமுறை பார்த்தான். அத்தவணை முடியும்வரை என் வகுப்பிலே அவன் கை உயர்த்தவில்லை.

2001ஆம் ஆண்டு வந்தது, போயிற்று. ஹாலைப் போன்ற கணினி அன்று இருந்ததில்லை. இன்றோ வினவினால் விடையிறுக்கும் பொறிகள் தமிழிலும் பேசுகின்றன. நம் மாணவர் கைகளிலும் உள்ளன. அவை நாளை நம்மை ஆளுமோ, அழிக்குமோ என்று பலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தை இகழ்தல் அறிவுடைமை ஆகாது. ஆயினும், 1960ஆம் ஆண்டிலேயே நோர்பேட் வீனர் என்னும் கணித அறிஞர் எச்சரித்தது வேறொன்று: பொறியினுள்ளே நாம் வைக்கும் நோக்கம் நாம் மெய்யாகவே விரும்பும் நோக்கந்தானா என்பதை முன்னரே தெளிதல் வேண்டும் என்றார். பொறி தீயதாகுமோ என்று வினவுமுன், அதற்கு நாம் இடும் கட்டளை நேரியதோ என்று வினவுதல் முறையன்றோ? வணிகன் தன் ஆதாயத்திற்காக மறைக்கச் சொல்வான். அரசு தன் காவலுக்காக மறைக்கச் சொல்லும். ஆசிரியன் தன் மானத்திற்காக மறைக்கச் சொல்வான். ஏவியவன் மறைவில் நிற்க, ஏவப்பட்டதே கொடுங்கோலன் என்ற பெயரைச் சுமக்கும்.

அம்மாணவன் பல்லாண்டு கழித்துத் தன் திருமண அழைப்பிதழோடு என் இல்லம் வந்தான். அன்று அவனிடம், “தம்பி, அந்தப் பிழை என்னுடையது” என்றேன். அவன் சிரித்து, “எனக்கு அது நினைவே இல்லை, ஐயா” என்றான்.

அவனுக்கு நினைவிருந்தது என்பதை அவன் கண்கள் சொல்லின. குற்றமற்ற நன்மை பயக்குமாயின் பொய்யும் வாய்மைக்கு நிகராகும் என்று வள்ளுவர் இசைந்தது இத்தகைய சொல்லையே போலும். முன்னைய பொய்யை அவனிடம் வலிந்து புகுத்தியவன் யான். பின்னைய பொய்யை அவன் தன் அன்பினாலே தானே தேர்ந்துகொண்டான். இவ்வேறுபாட்டை அறியும் நெஞ்சை நம் பொறிகளுக்கு நாம் கொடுக்க வல்லோமோ, அறியேன். அது கைகூடுமளவும் அவற்றிடம் மெய்யன்றி வேறொன்றையும் வேண்டாதிருத்தல் நம் கடன்.