உரைகல்லுக்குப் போகும் முன்

2021 ஜூலையில் புனேயை ஒட்டிய பிம்ப்ரி-சிஞ்ச்வட் போலீசார் 216 தங்கக் காசுகளைக் கைப்பற்றினார்கள். சிகலி பகுதியில் கட்டட வேலைக்கு மண் தோண்டியபோது கிடைத்தவை. எடுத்தவர்கள் அரசுக்குச் சொல்லாமல் வீட்டிலேயே வைத்திருந்தார்கள். காசுகளில் இருந்தது முகலாய மன்னர் முகமது ஷாவின் பெயர். மொத்த எடை 2,357 கிராம். வகுத்துப் பார்த்தால் காசு ஒன்றுக்குச் சுமார் 10.9 கிராம் வருகிறது. மொகர் எனப்படும் முகலாயத் தங்கக் காசின் எடையும் அதுதான்.

இவற்றின் மதிப்பு ஏறக்குறைய 1.3 கோடி ரூபாய் என்று சொல்லப்பட்டது. அன்றைய விலைக்கு உருக்கி விற்றிருந்தாலே ஒரு கோடிக்கு மேல் வந்திருக்கும். முந்நூறு ஆண்டு வரலாற்றுக்குக் கிடைத்த கூடுதல் அவ்வளவுதானா என்று மனம் ஆறவில்லை. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டமும் இப்படித்தான் கணக்குப் போடுகிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும். அரசு அதை எடுத்துக்கொள்ள விரும்பினால், உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துக் கொடுத்தால் போதும்.

நம் வீட்டில் பாட்டியின் பெட்டியிலிருந்து வந்த காசு, மண்ணில் கிடைத்ததல்ல என்பதால், புதையல் ஆகாது. அதை விலை பேசுவது நம் கையில்தான் இருக்கிறது. ஆனால் நாம் முதலில் போவது புனேயில் என்றால் லட்சுமி சாலை, நம் ஊரில் என்றால் கடைத்தெரு நகைக்கடை. அங்கே காசை உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்தாலே சேகரிப்பாளர் தரக்கூடிய விலை குறைந்துவிடும். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவது அதைவிடக் கேடு. தங்கம் துருப்பிடிப்பதில்லை என்பதால் தேய்க்கத் தேவையே இல்லை. தேய்த்தால் அதன் மேல் நுண்ணிய கீறல்கள் விழும், அச்சடித்தபோது வந்த இயற்கையான ஒளி போய்விடும். அது திரும்ப வராது.

மராட்டியப் பெண்களின் புதளி மாலையாகட்டும், நம் காசுமாலையாகட்டும், கோப்பதற்காகக் கொக்கி பற்றவைத்த காசுக்கும் இதே கதிதான். கொக்கியை நீக்கினாலும் பற்றவைத்த தழும்பு விளிம்பில் தெரியும். அதற்காக மாலையைப் பிரிக்கச் சொல்ல மாட்டேன். மாலையாகவே அதற்கு ஒரு மதிப்பு உண்டு.

தரம் பார்ப்பவர் முதலில் தேடுவது தேய்மானம். அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக 1949-இல் ஷெல்டன் என்பவர் வகுத்த 70 புள்ளி அளவுகோலைத்தான் இன்று உலகமெங்கும் பயன்படுத்துகிறார்கள். கையால் அடித்த மொகருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. அச்சு பெரியது, காசு சிறியது. ஆகவே புத்தம் புதுக் காசிலும் பாதி எழுத்து வெளியே போயிருக்கும். அழுத்தம் சரியாக விழாத இடத்தைத் தேய்மானம் என்று நினைத்துக் குறைத்து மதிப்பிடுவதும் நடக்கிறது. ஆண்டும் நாணயச்சாலையின் பெயரும் முழுதாகத் தெரிகிற காசைத்தான் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள். சராபுகள் என்ற பணமாற்று வணிகர்கள் அந்தக் காலத்தில் சோதித்துக் குத்திய முத்திரை இருந்தால் விலை இறங்கும்.

தமிழ்க் குடும்பங்களில் மொகரைவிட அதிகம் கிடைப்பது சவரன் என்ற பிரிட்டிஷ் தங்கக் காசு. அசல் காசின் எடை 7.98 கிராம், தங்கம் 22 காரட், விட்டம் 22 மில்லிமீட்டர். எடையும் விட்டமும் சேர்ந்து பொருந்தாவிட்டால் போலி என்று சந்தேகிக்கலாம். ஐந்தாம் ஜார்ஜ் தலையுள்ள 1918 சவரன் இருந்தால் பின்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். குதிரையின் கீழே, ஆண்டு எண்ணுக்கு மேலே, ஆங்கில 'ஐ' எழுத்து தெரிந்தால் அது பம்பாயில் அடித்தது. அப்படிப்பட்ட காசை எடைக்குப் போட்டுவிடாமல், நாணய ஏல நிறுவனத்திடமோ நாணயவியல் அறிந்தவரிடமோ காட்டிக் கேளுங்கள். இரண்டாவது ஒருவரிடமும் கேளுங்கள். பாட்டிக்கு அது யாரிடமிருந்து, எப்போது வந்தது என்பதையும் தெரிந்தவரை எழுதி வையுங்கள்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. நூறு ஆண்டு கடந்த காசு, 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அந்த 1918 சவரனும் இப்போது அதில் அடக்கம். தனியார் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகச் சட்டம் இடம் தரவில்லை. அமெரிக்காவில் இருக்கும் பேத்திக்குக் கொடுப்பதாக இருந்தாலும் காசு இந்தியாவில்தான் இருக்க வேண்டும்.